வெள்ளை மாளிகையில் ஒரு கிளி... அதிபர் ரூஸ்வெல்ட் அதைப் பார்த்து ஏன் தள்ளி நின்றார்?

பேர் எலி யேல். ஆனா எலி இல்ல, நீல மக்காவ் கிளி! யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் தந்த எலிஹு யேலை நினைவூட்டும் பேர். (அவர் நம்ம சென்னை ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்தவர்.)

1902-ல் இந்தக் கிளி வளர்ந்த இடம் வெள்ளை மாளிகை. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் மூத்த மகன் டெட் மேல் இஷ்டத்துக்கு ஏறி இறங்கும். அப்பாவுக்கோ அந்த அலகு மேல் நம்பிக்கையே இல்ல. கனத்த இரும்புத் தகட்டைக்கூட கடித்துவிடும் என்கிற ரேஞ்சில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். சந்தேகம் நியாயம்தான். மக்காவின் மேல் அலகும் தனியாக அசையும். கெட்டியான கொட்டைகளை உடைக்கிற வாய் அது.

இத்தனைக்கும் ரூஸ்வெல்ட் பறவைப் பைத்தியம். 1858-ல் நியூயார்க்கில் பிறந்தவர், சின்ன வயசில் கடும் ஆஸ்துமா. 13 வயசு வாக்கில் கண்ணாடி போட்ட பிறகுதான் மரத்துப் பறவைகள் தெளிவாகத் தெரிந்தன. கையில் துப்பாக்கியும் வந்தது. சுட்டு, பாடம் செய்து சேர்த்தார்.

1884 பிப்ரவரி 14 அன்று அம்மாவும் மனைவியும் ஒரே வீட்டில் இறந்தார்கள். 1901-ல் அதிபர் மெக்கின்லி கொல்லப்பட, 42 வயசில் அந்த நாற்காலி இவருக்கு வந்தது.

அப்போ பெண்களின் தொப்பிக்கு இறகு வேண்டும் என்று ஃப்ளோரிடாவில் பறவைகளைக் கூட்டம் கூட்டமாகச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். 1903-ல் அங்குள்ள பெலிக்கன் தீவைப் பறவைகளுக்கென்றே ஒதுக்கினார், அந்தப் பழைய வேட்டைக்காரர். பதவி முடிவதற்குள் இப்படி 51 இடங்கள்.

1913-14 பிரேசில் பயணத்தில் நீல மக்காவ்களை அவற்றின் சொந்த மண்ணிலேயே பார்த்தார். அதே பயணத்தில் கால் காயமும் மலேரியாவும் அவரைச் சாவின் விளிம்புக்கே கொண்டுபோயின. உடம்பு பிறகு பழையபடி தேறவே இல்ல. 1919 ஜனவரி 6, தூக்கத்திலேயே போய்விட்டார். வயசு 60.