குழந்தை உள்ளம் கண்ட அம்மையார்

மாண்டிசோரி என்னும் சொல்லைப் பலகையில் தாங்காத வட்டாரம் பெங்களூரில் அரிது. அதனை ஓர் ஊரின் பெயர் என்று எண்ணுவோர் உண்டு; ஏதோ ஒரு கம்பெனியின் பெயர் என்று எண்ணுவோரும் உண்டு. கல்லூரியில் சேரும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது ஒரு பெண்மணியின் பெயர், அவர் ஒரு மருத்துவர், நம் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர் என்று அறிந்தபோது வியப்பு ஏற்பட்டது. அவர் தம் முதல் பள்ளியைத் திறந்தது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று, கூலிவேலை செய்வோர் பிள்ளைகளுக்கு என்று அறிந்தபோது வியப்பினும் மிகுதியாக வேறொன்று ஏற்பட்டது. அதற்குக் காரணம் உண்டு; சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

மரியா மாண்டிசோரி 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் இத்தாலி நாட்டில் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க அலுவலர். குடும்பம் உரோம் நகரில் குடியேறியது. பதின்மூன்றாம் வயதில் மரியா தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பொறியியல் கற்க வேண்டும் என்பது முதலில் அவர் விருப்பம். பின்னர் மருத்துவத்தின்பால் மனம் திரும்பியது. தந்தைக்கு அது பிடிக்கவில்லை, தாயோ துணைநின்றார். ஆண்களோடு நின்று பிணத்தை அறுத்துப் பார்ப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதிய காலம் அது. ஆகவே எல்லாரும் போன பிறகு, பிணக்கூடத்தில் அவர் தனியே இருந்து உடற்கூறு கற்றார். 1896-ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் அவரே என்று பலர் எழுதுகின்றனர். அது பிழை. 1877-ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் ஒரு பெண்மணி மருத்துவப் பட்டம் பெற்றுவிட்டார். மாண்டிசோரி அம்மையாரின் பெருமைக்கு அந்தப் பொய் தேவையில்லை.

மருத்துவராகி மனநோய் விடுதிகளுக்குப் போய்வந்தபோது, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளை ஓர் அறையில் அடைத்து வைத்திருக்கக் கண்டார். சாப்பாடு முடிந்ததும் அக்குழந்தைகள் தரையில் விழுந்து ரொட்டித் துணுக்குகளைப் பொறுக்கினார்களாம். காவற்காரிக்கு அது பேராசையாகத் தோன்றியது. அம்மையாரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்க்க, உருட்டிப் பார்க்க, அந்த அறையில் வேறு ஒரு பொருளும் இல்லை. பசித்தது வயிறு அன்று, கைகள்! இதார், செகென் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவர் முன்னரே எழுதிவைத்த நூல்களைத் தேடிப் படித்து, கையால் பழகும் பொருள்களைச் செய்து, அக்குழந்தைகளுக்குக் கற்பித்தார். அவர்களுட் சிலர் மற்றப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரெல்லாம் புகழ்ந்தது. அம்மையாருக்கு எழுந்த ஐயம் வேறு. குறையுள்ள குழந்தையே இவ்வளவு செய்யுமானால், குறையில்லாத குழந்தை ஏன் இவ்வளவோடு நின்றுவிடுகிறது? பள்ளியில்தான் ஏதோ பிழை இருக்க வேண்டும் அல்லவா?

விடை காணும் வாய்ப்பு 1907-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் வந்தது. உரோம் நகரில் சான் லொரென்சோ என்பது ஏழைகள் குடியிருந்த பகுதி. வீடு கட்டும் வணிகம் நொடித்துப்போனதால் அரைகுறையாக விட்ட கட்டடங்களில் மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்தனர். ஒரு நிறுவனம் அவற்றுட் சிலவற்றைச் செப்பனிட்டு வாடகைக்கு விட்டது. பெற்றோர் விடியலில் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி வயது வராத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, புதுச் சுவர்களில் கிறுக்கிப் பாழாக்கினர். சுவரைக் காப்பாற்ற வேண்டுமே என்றுதான் அந்நிறுவனத்தார் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து, பார்த்துக்கொள்ள அம்மையாரை அழைத்தனர். உலகப் புகழ்பெற்ற குழந்தைகள் இல்லம் பிறந்தது சுண்ணாம்புச் சுவரின் பொருட்டு!

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தந்தையார் தருமபுரிப் பக்கத்திலிருந்து இந்நகருக்குக் கொத்து வேலைக்கு வந்தவர், தாயார் சித்தாள். நான்கு வயதில் என் பள்ளிக்கூடம் மணற்குவியல். புதிதாகப் பூசிய ஒரு சுவரில் கரித்துண்டால் பேருந்து வரைந்தேன். மேஸ்திரி என்னை அடித்தார். தந்தையாருக்கு அரைநாள் கூலி பிடித்தம். அந்தப் பேருந்துக்கு எத்தனை சக்கரம் வைத்தேன் என்பதுகூட எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சுவரில் கிறுக்கிய பிள்ளைக்கு அடி கொடுப்பதற்கு மாறாக ஒரு பெண்மணி பள்ளி கொடுத்திருக்கிறார் என்று படித்தால் எப்படி இருக்கும்?

சான் லொரென்சோவில் அவர் செய்தது என்ன? பெரும்பாலும் பார்த்தார், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் நாம் எதிர்பார்த்ததை விட்டு எதிரில் நடப்பதைக் குறிக்கக் கற்கிறோமே, அதே முறை. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். எடுப்பதும் வைப்பதுமாக நாற்பது தடவைக்கு மேல்! அவள் அமர்ந்த நாற்காலியை அப்படியே தூக்கி மேசைமேல் வைத்தார். சுற்றி நின்று பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவள் தலை நிமிரவில்லை. தானாகவே முடித்தாள், களைப்பின்றி எழுந்தாள். மற்றொரு நாள் ஆசிரியை வரத் தாமதமாயிற்று. பிள்ளைகள் தாமே அலமாரியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு வேலையில் அமர்ந்துவிட்டனர். ஆசிரியை அதைத் திருட்டு என்றே கருதினார். அம்மையாரோ, அலமாரி பூட்டின்றிப் பிள்ளைகளின் உயரத்துக்கு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி ஒட்டி, அவற்றை விரலால் தடவ விட்டார். நம் திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரலால் எழுதினார்கள். ஆனால் பக்கத்திலேயே பிரம்பும் இருந்தது. இங்கே பிரம்பு இல்லை. சில மாதங்களில், எழுது என்று யாரும் சொல்லாமலே நான்கைந்து வயதுப் பிள்ளைகள் எழுதத் தொடங்கினர். சுண்ணக்கட்டி கிடைத்தால் தரை, கதவு, எங்கும் எழுத்து. சுவருக்கு மறுபடியும் ஆபத்துத்தான்!

ஆறு வயதுக்கு முன் ஏன் இவ்வளவு அக்கறை? விலங்கியல் படிக்கும் எனக்கு அம்மையார் காட்டிய ஒரு சான்று மிகப் பிடித்தது. டச்சு அறிஞர் ஹியூகோ டி விரீஸ் ஒருவகை வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பற்றிச் சொன்னது அது. முட்டையிலிருந்து வெளிவந்த புழுவுக்கு வெளிச்சத்தின்மேல் தணியாத நாட்டம். அந்நாட்டம் அதைக் கிளையின் நுனிக்கு இழுத்துச் செல்கிறது. அங்கேதான் அதன் வாய்க்கு ஏற்ற கொழுந்து இருக்கிறது. முற்றிய இலையைத் தின்னும் வலிமை வந்ததும் நாட்டம் மறைந்துவிடுகிறது. மொழிக்கும், ஒழுங்குக்கும், கைத்திறனுக்கும் குழந்தையிடம் இத்தகைய பருவங்கள் உண்டு. அவை திரும்பி வாரா என்பது அம்மையார் கொள்கை. பிற்காலத்தில் ஹியூபல், வீசல் என்னும் இருவர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணை இளம்பருவத்தில் மூடி வைத்துப் பின் திறந்தபோது, கண் பழுதின்றி இருந்தும் பார்வை வாராதது கண்டனர். 1981-இல் நோபல் பரிசும் பெற்றனர். குழந்தை பூனைக்குட்டி அன்று. எனினும் காலம் தவறினால் சில கதவுகள் மூடிக்கொள்ளும் என்பதற்கு அது சான்று.

ஊரார் குழந்தைகளைப் பார்த்த அம்மையார் தம் குழந்தையை வளர்க்கவில்லை. 1898-இல், மணமாகாத நிலையில், உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரால் அவருக்கு மரியோ என்னும் மகன் பிறந்தான். வெளியே தெரிந்தால் அன்றைய சமூகத்தில் அவர் பணி அன்றோடு முடிந்திருக்கும். மகன் நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தான். அம்மையார் அவ்வப்போது போய்ப் பார்ப்பார், தாயென்று சொல்லார். தம் தாயார் மறைந்தபின், மகனுக்குப் பதினைந்து வயதாகும் காலத்தில்தான் உடன் அழைத்துக்கொண்டார். அப்போதும் வளர்ப்பு மகன் என்றும் உறவுப்பிள்ளை என்றுமே உலகம் அறிந்தது. இதை வைத்து அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறை சொல்லத் தோன்றும் இடம் வேறு. 1924 முதல் முசோலினியின் ஆதரவை அவர் ஏற்றார். பத்து ஆண்டுகள் கழித்து உறவு முறிந்து பள்ளிகள் மூடப்பட்டன. சுதந்திரமான குழந்தையைப் பேசியவர் சர்வாதிகாரியின் துணையை அத்தனை காலம் நம்பியது எனக்கு விளங்கவில்லை. இத்தாலியை விட்டு, ஸ்பெயினின் உள்நாட்டுப் போரால் அதையும் 1936-இல் விட்டு, ஹாலந்து நாட்டை அடைந்தார்.

1939-ஆம் ஆண்டு நவம்பரில், அறுபத்தொன்பதாம் வயதில், அருண்டேல், ருக்மிணி தேவி இவர்களின் அழைப்பின்பேரில் சென்னை வந்தார். அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தோப்பில் ஓலைக் கொட்டகைகளில் முந்நூறு பேருக்கு மேல் பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார். மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்வார். சில மாதங்கள் தங்கித் திரும்புவதாகத்தான் எண்ணம். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியது. இருவரும் பகைநாட்டார் ஆயினர். மரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தனர். அம்மையாரை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். அவருடைய எழுபதாம் பிறந்தநாளுக்கு வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பரிசாக அவருடைய மகனை விடுதலை செய்வதாக அதில் கண்டிருந்தது. மகன் என்றே எழுதியிருந்தது! நாற்பத்திரண்டு ஆண்டுகள் மறைத்த சொல்லை ஒரு சர்க்கார் தந்தி வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

பின்னர்க் கொடைக்கானலில் சில ஆண்டுகள். செடி, பூச்சி, விண்மீன் எல்லாவற்றையும் ஒரே கதையாகப் பெரிய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை அங்கே உருவாயிற்று. இந்தியாவில்தான் அவர் கவனம் மூன்று வயதுக்கும் கீழே, கைக்குழந்தையின்பால் மேலும் சென்றது. இடுப்புக் குழந்தையோடு சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் நம் தாய்மாரைக் கண்டு அவர் மகிழ்ந்தார். எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டு ஈர்த்துக்கொள்ளும் குழந்தைக்கு அதைவிட நல்ல பள்ளி ஏது? அகமதாபாத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-இல் அடையாற்றிலிருந்தே நூலாக வெளிவந்தன. இடையில் 1946-இல் ஐரோப்பா சென்று மறு ஆண்டே திரும்பினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்தின் கடற்கரை ஊர் ஒன்றில் மறைந்தார்.

அவர் பெயருக்கு உரிமையாளர் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். என் அக்காள் மகளுக்கு இப்போது மூன்று வயது. அப்படிப் பெயர் தாங்கிய ஒரு பள்ளிக்கு அக்காளுடன் போனேன். கட்டணம் அக்காளின் நான்கு மாதச் சம்பளம். உள்ளே மூன்றரை வயதுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒன்று முதல் நூறு வரை எழுதிக்கொண்டிருந்தனர். அலமாரியில் உருளைக் கட்டைகள் இருந்தன, அலமாரி பூட்டியிருந்தது.

நம் அரசியலமைப்பு 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆறு முதல் பதினான்கு வயதுவரை கல்வியை உரிமை ஆக்கியது. ஆறுக்குக் கீழே அது அரசுக்குரிய வழிகாட்டுதல் மட்டுமே. ஏழைக் குழந்தைக்கு இருப்பது 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டம். 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை மூன்று வயதிலிருந்தே கணக்கெடுக்கிறது. 2024-இல் கருநாடக அரசு பெங்களூரில் சில அங்கன்வாடிகளை மாண்டிசோரி வகுப்புகளாக மாற்றத் தொடங்கியது. சோறு, தடுப்பூசி, எடை, கணக்குப் புத்தகம் என்று எல்லாம் ஒரே ஆசிரியையின் தலையில் இருக்கும்போது, அவர் எப்போது உட்கார்ந்து குழந்தையைப் பார்ப்பார்? பலகையை மாற்றுவது எளிது. அவருக்கு இன்னும் ஒரு துணையாள் கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்காள் மகளை எங்கள் தெரு அங்கன்வாடியில் சேர்த்தோம். கன்னடம் தெரியாதே என்று என் தாயார் அஞ்சினார். இரண்டு மாதத்தில் அவள் எங்கள் எல்லாரையும்விட நன்றாகக் கன்னடம் பேசுகிறாள். தந்தையார் வேலையிடத்திலிருந்து மிச்ச உப்புத்தாள் கொண்டுவந்தார். நான் அகரத்தை வெட்டி அட்டையில் ஒட்டினேன். அவள் தடவுவதைப் பார்த்த ஆசிரியை, கன்னட எழுத்துகளும் ஒரு கட்டு வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பன்னிரண்டு முடிந்தன. உப்புத்தாள் தீர்ந்துவிட்டது, சனிக்கிழமை கூலி வாங்கும்போது இன்னும் நான்கு தாள் கேட்டு வருவதாகத் தந்தையார் சொல்லியிருக்கிறார்.