கர்நாடகம் என்னும் விமர்சகர்

அமரர் கல்கியை ‘பொன்னியின் செல்வன்’ ஆசிரியராக அறிந்தோர் பலர். தமிழ்ப் பேசும்படம் தவழத் தொடங்கிய நாளில் அதன் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்த திரை விமர்சகராக அவரை நினைப்போர் மிகச் சிலரே.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்தில் 1899 செப்டம்பர் 9 அன்று பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, திருச்சியில் பயின்றுகொண்டிருந்தபோது ஒத்துழையாமை இயக்கத்தின் அழைப்பை ஏற்றுப் பள்ளியைத் துறந்தார். 1922இல் சிறை புகுந்தார். மறு ஆண்டு திரு.வி.க.வின் ‘நவசக்தி’யில் துணையாசிரியராகச் சேர்ந்தார். அவர் தமிழ் உரைநடை பழகிய பள்ளி திரு.வி.க.வின் இராயப்பேட்டைதான் எனலாம். குருவின் செந்தமிழ் நடையைச் சீடர் பின்பற்றவில்லை. பேச்சோடு ஒட்டிய எளிய நடையொன்றைத் தமக்கென அமைத்துக்கொண்டார். பின்னாளில் அவருடைய விமர்சனங்கள் பாமரரையும் எட்டியதற்கு இந்நடையே காரணம். இடையில் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு ‘விமோசனம்’ இதழில் உழைத்தார்.

1931இல் எஸ். எஸ். வாசனின் ‘ஆனந்த விகட’னில் பொறுப்பேற்றார். ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்த்திரை வாய் திறந்ததும் அவ்வாண்டே. ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் கச்சேரி, நாட்டியம், படம் ஆகிய மூன்றையும் அவர் எடைபோட்டார்.

1935இல் வந்த ‘நந்தனார்’ இதற்குச் சிறந்த சான்று. கே. பி. சுந்தராம்பாளுக்கு ஊதியம் ஒரு லட்சம் ரூபாய். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாதய்யர். நாடே வியந்து பேசிய அப்படத்தில் நடிப்புக்கான முதன்மையைக் கல்கி ஒரு பனைமரத்திற்கு அளித்தார். அடுத்த இடங்கள் எருமைக்கும் ஆட்டுக்கும்! பெரும் பாடகர்களைத் திரையில் நிறுத்திவிட்டால் படமாகிவிடாது என்பதே அக்கேலியின் உட்பொருள். சுந்தராம்பாளின் அன்பர்களுக்கு அது கொடுமையாகவே பட்டிருக்கும். அவருடைய குரலின் பெருமையை நோக்க, அத்தீர்ப்பு சற்றுக் கடுமையானதுதான்.

குறை சொன்னவரே களத்தில் இறங்கும் காலமும் வந்தது. ‘தியாக பூமி’ விகடனில் தொடராக வருகையிலேயே கே. சுப்பிரமணியம் அதைப் படமாக்கினார். ஓவியங்களுக்குப் பதிலாகப் படக்காட்சிகளே தொடரில் அச்சாயின. 1939இல் வெளியான அப்படத்தை 1940இல் ஆங்கில அரசு தடை செய்தது. தேசியக் கருத்துகளே அதன் குற்றம்.

1941இல் தனிநபர் சத்தியாக்கிரகம் கல்கியை விகடனிலிருந்து பிரித்தது. சிறை மீண்டபின் டி. சதாசிவத்துடன் ‘கல்கி’ இதழைத் தொடங்கினார். அம்முயற்சிக்குப் பொருள் தேட எம். எஸ். சுப்புலட்சுமி ‘சாவித்திரி’ படத்தில் நாரதர் வேடம் ஏற்றார். திரையைக் கண்டித்து எழுதிய பேனாவுக்குத் திரை தந்த பணமே தாளும் மையும் ஆயிற்று! 1945இல் வந்த ‘மீரா’வுக்குக் கல்கி பாடலும் எழுதினார்; ‘காற்றினிலே வரும் கீதம்’ அவருடையது. நண்பர் எடுத்த படம், நண்பரின் துணைவியார் நடிப்பு, தம்முடைய பாட்டு! இந்நிலையில் பழைய கர்நாடகத்தின் துலாக்கோல் சாயாமல் நின்றிருக்குமா என்று ஐயுறுவது தவறன்று. விமர்சகர் வெளியே நின்ற 1930களின் எழுத்திலேதான் கூர்மை மிகுதி.

1954 டிசம்பர் 5 அன்று அவர் மறைந்தார். ‘அலை ஓசை’க்குச் சாகித்திய அகாதெமி பரிசு 1956இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, சிவாஜி கணேசனும் பானுமதியும் நடிக்க அவருடைய ‘கள்வனின் காதலி’ திரைக்கு வந்தது. அதை எடைபோடக் கர்நாடகம் இல்லை.