நோய் சோதித்த விசுவாசம்: டப்ளின் கூலியாள் மற் டல்பொட்

உடலுழைப்பை மட்டுமே முதலாகக் கொண்டவனுக்கு நோய் இரட்டைத் தண்டனையாக வருகிறது. உடல் படுத்தால் அவன் வீட்டு அடுப்பும் படுத்துவிடும். அவ்வேளையில் கடவுள் மீது அவன் வைத்த நம்பிக்கைக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வி பழைமையானது. சமய அறிஞர்கள் இதற்கு விடையாகப் பல நூல்களை எழுதியுள்ளனர். அயர்லாந்தின் தலைநகரான டப்ளினில் மரக்காலை ஒன்றில் பலகை சுமந்த மற் டல்பொட் என்ற கூலியாள், தமது கடைசி இரண்டு ஆண்டுகளை வாழ்ந்த முறையாலேயே இதற்கு விடை சொன்னார்.

1856ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் திகதி, டப்ளினின் வறிய குடியிருப்பு ஒன்றில், பன்னிரண்டு பிள்ளைகளுள் இரண்டாமவராக அவர் பிறந்தார். தந்தை துறைமுகத் தொழிலாளி, குடிப்பழக்கம் உடையவர். பன்னிரண்டு வயதளவில் பள்ளிப் படிப்பு நின்றது. மதுபான வணிகர் ஒருவரிடம் போத்தலில் மது நிரப்பும் இடத்தில் சிறுவனுக்கு வேலை கிடைத்தது. அங்கேயே குடியும் தொற்றிக்கொண்டது. பின்னர் துறைமுகக் களஞ்சியத்திலும், அதன்பின் மேசன்மாருக்குக் கல்லும் சாந்தும் சுமக்கும் கூலியாளாகவும் உழைத்தார். கடும் உழைப்பாளி என்று பெயர் எடுத்தபோதிலும் அவருடைய வாரக் கூலி தவறணைக்கே போய்ச் சேர்ந்தது. காசு தீர்ந்தபோது சப்பாத்தை அடகு வைத்தும் குடித்தார். ஒருமுறை தெருவில் பிடில் வாசித்துப் பிழைத்த ஓர் ஏழையின் வாத்தியத்தைத் திருடி விற்றுக் குடித்தார்கள் அவரும் நண்பர்களும். பிற்காலத்தில் அந்த வாத்தியக்காரனுக்கு ஈடு செய்ய எண்ணி நகரெங்கும் தேடியும் அவனைக் காண முடியவில்லை. அப்பணத்தை அவனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும்படி ஆலயத்தில் செலுத்தினார்.

1884ஆம் ஆண்டு, அவருக்கு 28 வயதாக இருந்தபோது, ஒரு சனிக்கிழமை கையில் காசில்லாமல் தவறணை மூலையில் நின்றார். கூலி வாங்கி வந்த நண்பர்களில் எவரும் அவரை உள்ளே அழைக்கவில்லை. அவர்களுக்கெல்லாம் முன்பு வாங்கிக் கொடுத்தவர் அவர். அந்த அவமானம் நெஞ்சில் தைத்தது. வீட்டுக்குத் திரும்பி, மதுவிலக்கு உறுதிமொழி எடுக்கப் போவதாகத் தாயாரிடம் தெரிவித்தார். காப்பாற்றும் எண்ணம் இல்லையெனில் எடுக்க வேண்டாம் என்று தாயார் எச்சரித்தார். கிளொன்லிஃப் குருத்துவக் கல்லூரிக்குச் சென்று பாவசங்கீர்த்தனம் செய்து, மூன்று மாதங்களுக்கு மட்டும் உறுதிமொழி எடுத்தார். மூன்று மாதம் ஆறு மாதமாகி, பின் ஆயுள் முழுவதற்குமானதாயிற்று. இறக்கும்வரை 41 ஆண்டுகள் அவர் மதுவைத் தொடவில்லை.

இம்மாற்றம் ஓர் இரவில் நிகழ்ந்த அற்புதம் எனக் கருதுவது தவறு. வேலை முடிந்த மாலைகளே அவருக்குப் பெரும் சோதனையாக இருந்தன. தவறணைகளின் முன்னால் நடப்பதற்கே அஞ்சி, அந்நேரத்தை ஆலயங்களில் கழித்தார். விடியற்காலையில் திருப்பலிக்குச் சென்று, அதன்பின் வேலைக்குப் போவதை வழக்கமாக்கினார். அரைகுறைப் படிப்போடு நின்றவர் புனித அகுஸ்தீனாரின் நூலையும் எழுத்துக்கூட்டி வாசித்தார். மனத்தில் பட்டவற்றைக் கடதாசித் துண்டுகளில் குறித்து வைத்தார். புனித பிரான்சிஸ்குவின் மூன்றாம் சபையில் பொதுநிலை உறுப்பினராகச் சேர்ந்தார். பலகையையே கட்டிலாகவும் மரக்கட்டையையே தலையணையாகவும் கொண்டார். தமக்கென்று சிறிது வைத்துக்கொண்டு மீதிக் கூலியை ஏழைகளுக்கும் மறைபரப்புப் பணிகளுக்கும் கொடுத்தார்.

1913இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை முறியடிக்கக் கதவடைப்புச் செய்தபோது சுமார் 20,000 தொழிலாளர் வேலையிழந்தனர். சங்க உறுப்பினரான டல்பொட்டும் அவர்களுள் ஒருவர். அவர் மேடையேறவில்லை. எனினும் தமக்குக் கிடைத்த சங்க உதவிப் பணத்தைப் பிள்ளைகள் உள்ள தொழிலாளருக்குக் கொடுத்ததாகச் சக தொழிலாளர் பின்னர் நினைவுகூர்ந்தனர்.

1915இல் தாயார் மறைந்தபின் தனியறையில் வாழ்ந்த அவரை 1923ஆம் ஆண்டு நோய் வீழ்த்தியது. சிறுநீரகமும் இருதயமும் பாதிக்கப்பட்டன. மேற்றர் வைத்தியசாலையில் அவ்வாண்டு இரு தடவைகள் அனுமதிக்கப்பட்டார். சுமை தூக்கும் தொழிலில் மூச்சு முட்டினால் வேலை முடிந்தது. சுகவீனக் காப்புறுதியிலிருந்து கிடைத்த சில சிலிங்குகளே வருமானம். வேலை செய்தால்தான் வாடகை என்னும் நிலையை அறிந்த எமது வாசகர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

கொடுப்பதிலேயே தமது விசுவாசத்தைக் காட்டி வந்தவருக்கு இப்போது கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. முழந்தாளில் நின்று செபிப்பதில் ஆறுதல் கண்டவருக்கு அதற்கும் உடல் இடம் தரவில்லை. நாற்பதாண்டுத் தவத்துக்குக் கிடைத்த கூலி இதுதானா என்று ஒருவர் கேட்டிருந்தால் அது நியாயமான கேள்வியே. அவர் அப்படிக் கேட்டதாக எவரும் பதிவு செய்யவில்லை. வைத்தியசாலையில் எழுந்து நடக்க முடிந்தவுடன் ஒருநாள் அவரைக் கட்டிலில் காணவில்லை. தேடிய கன்னியர் அவரைச் சிற்றாலயத்தில் கண்டனர். வைத்தியர்களுக்கு நன்றி கூறியபின் பெரிய வைத்தியருக்கும் நன்றி கூறுவதுதானே முறை என்பது அவருடைய விளக்கம்.

1924 டிசம்பரில், சீனாவில் பணியாற்றிய ஐரிஷ் மறைபரப்புச் சபைக்கு அவர் ஒரு சிறு கடிதம் எழுதினார். பதினெட்டு மாதங்களாக வேலை இல்லை; நோயுற்றிருக்கிறேன்; குருவானவரும் வைத்தியரும் கைவிட்டுவிட்டனர்; இனி வேலை செய்ய முடியுமென்று தோன்றவில்லை என்பதே அதன் சாரம். அத்தோடு தம் பங்காக ஒரு பவுணும் சகோதரியின் பங்காகப் பத்துச் சிலிங்கும் அனுப்பினார். அதில் முறைப்பாடும் இல்லை, சுகம் வேண்டிப் பேரம் பேசுதலும் இல்லை. தம் நிலையை உள்ளபடி கூறிவிட்டு, முடிந்ததைக் கொடுத்தார். அவருடைய விசுவாசத்தின் அளவை அறிய விரும்புவோர்க்கு இக்கடிதம் ஒன்றே போதும்.

1925 வசந்தத்தில் சற்றுத் தேறி மரக்காலைக்குத் திரும்பினார். அது நீடிக்கவில்லை. ஜூன் 7ஆம் திகதி, பரிசுத்த திரித்துவ ஞாயிறன்று, தொமினிக்கன் ஆலயத்துக்குத் திருப்பலிக்காக நடந்து சென்றபோது கிரான்பி ஒழுங்கையில் விழுந்து இறந்தார். வயது 69. அவர் யாரென்று அங்கு நின்ற எவருக்கும் தெரியவில்லை. வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்லப்பட்ட உடலில், ஆடைக்கு அடியில் சங்கிலிகள் காணப்பட்டன. மரியன்னைக்கு அடிமைப்பட்டவர் என்பதன் அடையாளமாக அவர் இரகசியமாக அணிந்திருந்தவை அவை.

அச்சங்கிலிகளாலேயே அவர் புகழ்பெற்றார். அவற்றாலேயே விமர்சிக்கவும்பட்டார். அதே டப்ளினில் கூலியாளாக உழைத்த நாடகாசிரியர் ஷோன் ஓகேசி தமது தன்வரலாற்றில் அவரை ஏளனம் செய்தார். வறுமையை எதிர்த்துப் போராட வேண்டியவர்களுக்குப் பொறுமையைப் போதிக்க இத்தகைய புனிதர்கள் பயன்படுத்தப்படலாம் என்ற ஐயத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் டல்பொட் எவருக்கும் பொறுமையைப் போதித்தவரல்லர். தவத்தைத் தமக்கும் கூலியைப் பிறருக்கும் என்று பிரித்துக்கொண்டவர் அவர்.

1972இல் அவருடைய எச்சங்கள் டப்ளின் ஷோன் மக்டெர்மொட் வீதியிலுள்ள லூர்து அன்னை ஆலயத்துக்கு மாற்றப்பட்டன. 1975இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தார். லிஃபி ஆற்றுப் பாலம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. குடியிலிருந்து மீள்வோருக்கான இல்லங்கள் பல நாடுகளில் அவர் பெயரால் இயங்குகின்றன. அங்கு வருவோரும் முதலில் ஆயுள் முழுவதற்குமாக வாக்குக் கொடுப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மட்டும் உறுதிமொழி எடுத்த அந்தக் கூலியாளைப் போல, சிறிது காலத்துக்கென்றே தொடங்குகிறார்கள்.