படிக்கத் தெரியாத போலீஸ் அதிகாரி

அமெரிக்காவில் ஒரு போலீஸ் அதிகாரி இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் பெயரைக் கேட்டாலே கொள்ளைக்காரர்கள் நடுங்கினார்கள்.

அவர்தான் பாஸ் ரீவ்ஸ்.

1838-ம் ஆண்டு ஆர்க்கன்சாசில் பிறந்தார். கறுப்பர்; பிறவி அடிமை. உள்நாட்டுப் போர் நடந்த சமயத்தில் எஜமானரிடம் இருந்து தப்பி ஓடினார். செவ்விந்தியர் பிரதேசத்தில் தஞ்சம் புகுந்தார். இன்று அது ஓக்லஹோமா மாநிலத்தில் சேர்ந்திருக்கிறது. அங்கே கிரீக், செமினோல், செரோக்கி மக்களோடு பழகினார். அவர்கள் பேச்சைக் கற்றார். காடு மேடெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆயிற்று.

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. ரீவ்ஸ் ஆர்க்கன்சாசுக்குத் திரும்பி விவசாயம் செய்தார்.

கொள்ளையர் புகலிடம்

செவ்விந்தியர்களுக்குச் சொந்தக் கோர்ட்டு உண்டு. குதிரைப் போலீசும் உண்டு. ஆனால் வெளியார் குற்றம் செய்தால் விசாரிக்க அந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் கிடையாது. இது போதாதா? கொலைகாரர்களும் குதிரைத் திருடர்களும் அங்கே ஓடி ஒளிந்தார்கள்.

1875-ல் ஐசக் பார்க்கர் என்பவர் போர்ட் ஸ்மித் நகருக்கு நீதிபதியாக வந்தார். அவர்களைப் பிடிக்கத் துணை மார்ஷல்களை நியமித்தார்கள். அவர்களில் ரீவ்சும் ஒருவர். அங்குள்ள பாதையும் பேச்சும் தெரிந்தவரை விடுவார்களா?

வாரண்டுகளை யாராவது படித்துக் காட்டுவார்கள். எந்தத் தாளில் யார் பெயர் என்று ரீவ்ஸ் மனதில் பதித்துக்கொள்வார். ஆளைப் பிடித்ததும் சரியான தாளை உருவி நீட்டுவார். ஒரு தடவைகூடத் தவறியதில்லையாம்!

மாறுவேடத்திலும் கெட்டிக்காரர். ஒரு கதை சொல்வார்கள். இரண்டு சகோதரர்களைப் பிடிக்க, பிச்சைக்காரர்போல 28 மைல் நடந்தார். அவர்கள் தாயாரே இரக்கப்பட்டுச் சோறு போட்டாள். இரவில் பிள்ளைகள் வந்து படுத்தார்கள். விடிந்து பார்த்தால் இருவர் கையிலும் விலங்கு!

அவருக்கும் சோதனை வந்தது. 1884-ல் அவர் துப்பாக்கி வெடித்துச் சமையல்காரர் இறந்தார். கொலை வழக்குப் போட்டார்கள். தற்செயலாக வெடித்தது என்றார் ரீவ்ஸ். 1887-ல் விடுதலையானார்.

மகன் மீது வாரண்டு

அதைவிடப் பெரிய சோதனை 1902-ல் வந்தது. அவர் மகன் பென்னி, மனைவியைச் சுட்டுக் கொன்றுவிட்டான். வாரண்டு தயாராயிற்று. தகப்பனார் முகத்தைப் பார்த்து அதை எடுக்க மற்றவர்கள் தயங்கினார்கள். கடைசியில் ரீவ்சே கேட்டு வாங்கிக்கொண்டார். குதிரை ஏறிப் போனார். மகனைப் பிடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்தார். பென்னிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1907-ல் ஓக்லஹோமா தனி மாநிலமாயிற்று. 32 ஆண்டு உத்தியோகம் முடிந்தது. புதிய சட்டசபையோ, ரயிலில் கறுப்பருக்குத் தனிப் பெட்டி என்று சட்டம் போட்டது. வெள்ளையரையும் விலங்கு மாட்டி அழைத்து வந்தவர் அவர்!

ரீவ்ஸ் மஸ்கோகி நகரப் போலீசில் சேர்ந்தார். அங்கே இரண்டு ஆண்டு ரோந்து சுற்றினார். 1910 ஜனவரி 12-ந் தேதி, சிறுநீரக நோயால் இறந்தார். 2012-ல் போர்ட் ஸ்மித்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். குதிரைமேல், கையில் துப்பாக்கியோடு இருக்கிறார்.