லாபாயெத் பெருமகனார்

அயலார் போரில் ஒருவன் தன்னுயிரைப் பணயம் வைப்பது எதன்பொருட்டு? ஓர் அரசு அதிற் புகுவது எதன்பொருட்டு? இவ்வினாக்களுக்கு லாபாயெத் பிரபுவின் வரலாறு தக்க விடை பகர்கின்றது.

பிரெஞ்சு தேசத்தில் 1757-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், ஈராண்டு நிரம்புமுன்னரே, ஆங்கிலேயரை எதிர்த்து நிகழ்ந்த மிண்டன் போரில் தந்தையை இழந்தார். செல்வத்திற்குக் குறைவில்லை, இல்லறமும் இனிதே அமைந்தது. எனினும், அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் ஆங்கில அரசை எதிர்த்தெழுந்தமை கேட்டு, மன்னன் ஆணையையும் மீறி, தம் பொருளாற் கப்பலொன்று வாங்கி, 1777-இல் அத்திலாந்திக் மாகடலைக் கடந்தார். அப்பொழுது இவருக்கு வயது 19. ஊதியமின்றித் தொண்டாற்ற இசைந்த இவருக்கு அமெரிக்கக் காங்கிரஸ் மேஜர் ஜெனரல் பதவி அளித்தது. பிராண்டிவைன் போரிற் காலிற் குண்டுபட்டது.

1778-இல் பிரெஞ்சு அரசும் அப்போரிற் புகுந்தது. அஃது உரிமையின்மீது கொண்ட பற்றாலன்று. 1763-இல் கனடாவை ஆங்கிலேயர்க்கு இழந்த மானக்கேட்டைத் தீர்த்துக்கொள்ளும் பொருட்டேயாம். 1781-இல் யார்க்டவுனிற் காரன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. வெற்றி கிட்டிற்று, ஆயின் போர்க்கடன் பொக்கிஷத்தை வறிதாக்கி, 1789-இல் எழுந்த புரட்சிக்கு வழிகோலிற்று.

லாபாயெத்தின் உள்ளத்திலும் முதலிற் புகழ்வேட்கையும் பழம்பகையும் இல்லாமலில்லை. வாலி போர்ஜ் பாசறையில், எளிய குடிமக்கள் உரிமைக்காகப் பசியும் பனியும் பொறுத்தமை கண்டபின், அவ்வேட்கை கொள்கையாய்க் கனிந்தது. 1789-இல் மனித உரிமைச் சாசனத்தின் வரைவொன்றைப் பிரெஞ்சு மன்றத்தில் முதன்முதல் வைத்தவர் இவரே.

1834-இல் பாரிஸில் மறைந்தார். கல்லறையின்மீது அமெரிக்க மண் தூவப்பெற்றது. பழிதீர்க்கப் புகுந்த முடியரசு 1792-இல் ஒழிந்தது. உரிமை கற்ற இளைஞரோ இருநாட்டார்க்கும் உரியவராயினர்.