ஜான்ஸ் தீவின் பின்னறை வகுப்பு: செப்டிமா கிளார்க்கின் வாழ்வு

1956ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலம் ஒரு சட்டத்தை இயற்றியது. கறுப்பின மக்களின் உரிமைகளுக்காக நீதிமன்றங்களில் வழக்காடிவந்த என்ஏஏசிபி அமைப்பின் உறுப்பினர் எவரும் அரசுப் பணியில் நீடிக்க முடியாது என்பதே அதன் சாரம். பள்ளிகளில் இனப் பிரிவினை அரசமைப்புக்கு முரணானது என 1954இல் உச்ச நீதிமன்றம் அளித்த பிரவுன் தீர்ப்புக்கு வெள்ளை ஆதிக்கம் தந்த பதிலடி அது. 40 ஆண்டுகள் ஆசிரியராக உழைத்த, 58 வயதான செப்டிமா பாயின்செட் கிளார்க் தம் உறுப்பினர் தகுதியை மறைக்க மறுத்தார். வேலை பறிபோனது; ஓய்வூதியமும் பறிபோனது. அவருடைய வாழ்வை நாம் இன்று நினைவுகூர்வது அந்தத் துணிவுக்காக மட்டுமன்று. அதையொட்டி அவர் சந்தித்த ஒரு தோல்விக்காகவும், அத்தோல்வியிலிருந்து அவர் கற்றுக்கொண்டதற்காகவும்தான்.

செப்டிமா 1898 மே 3 அன்று சார்ல்ஸ்டன் என்னும் கடற்கரை நகரில் பிறந்தார். அடிமைகளாக வட அமெரிக்காவுக்குக் கடத்திவரப்பட்ட ஆப்பிரிக்கர்களில் பெரும் பகுதியினர் இறக்கப்பட்ட துறைமுகம் அது. அவருடைய தந்தையே அடிமையாகப் பிறந்தவர். தாய் ஹெய்ட்டியில் வளர்ந்தவர்; துணி வெளுத்துக் குடும்பத்தைத் தாங்கினாரேயன்றி, வெள்ளையர் வீட்டில் பணிப்பெண்ணாக இருக்க ஒருபோதும் இசையவில்லை.

ஆசிரியப் பயிற்சி முடித்தபோதும் சொந்த நகரின் அரசுப் பள்ளிகளில் செப்டிமாவுக்கு இடமில்லை. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகளில்கூட கறுப்பின ஆசிரியர்கள் அமர்த்தப்படாத காலம் அது. எனவே 1916இல், 18 வயதில், அருகிலிருந்த ஜான்ஸ் தீவுக்குச் சென்றார். அங்கே 132 குழந்தைகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். இருவருக்கும் சேர்த்து மாத ஊதியம் 60 டாலர். மூன்றே குழந்தைகள் பயின்ற வெள்ளையர் பள்ளியின் ஆசிரியருக்கு 85 டாலர். இந்தக் கணக்கே அவரைப் போராளியாக்கியது எனலாம். 1919இல் சார்ல்ஸ்டனில் வீடுவீடாகச் சென்று கையொப்பம் திரட்டிய இயக்கத்தில் இணைந்தார். மறு ஆண்டே நகரப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு இடம் கிடைத்தது.

திருமண வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் குழந்தை பிறந்த சில நாள்களில் இறந்தது. கப்பற்பணியாளரான கணவர் 1925இல் மறைந்தார். எஞ்சிய மகனுக்காகவும் பெற்றோருக்காகவும் உழைத்தபடியே படித்தார். 1942இல் இளங்கலை, 1946இல் முதுகலைப் பட்டம் பெற்றார். கொலம்பியா நகரில் பணியாற்றியபோது கறுப்பின ஆசிரியர்களுக்குச் சம ஊதியம் கோரிய வழக்குக்குத் துணைநின்றார். 1945இல் அவ்வழக்கு வென்றது. 1947இல் சார்ல்ஸ்டனுக்குத் திரும்பினார்.

1956ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது, அதை எதிர்க்குமாறு 700க்கும் மேற்பட்ட கறுப்பின ஆசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். பதில் அளித்தோர் 26 பேர். கல்வி அதிகாரியை நேரில் சந்திக்க இறுதியில் சென்றவர்கள் அவரையும் சேர்த்து ஐவர் மட்டுமே. இதைத் தம் வாழ்வின் பெருந்தோல்விகளுள் ஒன்றாக அவர் கருதினார். ஆனால் வராதவர்களைக் கோழைகள் என்று தூற்றவில்லை. அவர்களை ஆயத்தப்படுத்தாமலே போராட அழைத்தது தம் பிழை என்று முடிவுசெய்தார்.

அந்த முடிவே அடுத்த பணிக்கு அடித்தளமாயிற்று. டென்னசி மாநிலத்தில் இரு இனத்தாரும் சேர்ந்து பயின்ற ஹைலேண்டர் மக்கள் பள்ளி அவரைப் பணிக்கு அழைத்தது. அங்கே 1955 கோடையில் அவர் நடத்திய பயிலரங்கில் பங்கேற்றவர்தான் ரோசா பார்க்ஸ். சில மாதங்களில் மான்ட்கோமரிப் பேருந்தில் இருக்கையைவிட்டு எழ மறுத்தவர்.

தென் கரோலினாவில் சொத்தற்ற ஒருவர் வாக்காளராகப் பதிவுபெற, மாநில அரசமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக்காட்ட வேண்டும். தேர்ச்சியை முடிவுசெய்பவர் வெள்ளைப் பதிவு அலுவலர். கல்வியை மறுத்துவிட்டுக் கல்லாமையையே காரணம் காட்டி வாக்கையும் மறுக்கும் சூழ்ச்சி அது. ஜான்ஸ் தீவிலிருந்து தொழிலாளர்களை நகருக்கு ஏற்றிச்சென்ற ஈசா ஜென்கின்ஸ், ஓடும் பேருந்திலேயே பயணிகளுக்கு அப்பகுதியைக் கற்பித்துவந்தார். அவரும் செப்டிமாவும் சேர்ந்து ஹைலேண்டர் உதவியுடன் தீவில் ஒரு கட்டடம் வாங்கினர். வெள்ளையரின் ஐயத்தைத் தவிர்க்க முன்புறம் மளிகைக்கடை, பின்னறையில் வகுப்பு.

1957 ஜனவரி 7 அன்று 14 பேருடன் வகுப்பு தொடங்கியது. கற்பித்தவர் செப்டிமாவின் உறவினர் பெர்னீஸ் ராபின்சன்; சிகையலங்காரத் தொழில் செய்தவர். தொழில்முறை ஆசிரியர் வேண்டாம் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. சிகையலங்காரக் கடைக்கு வருவோர் கறுப்பினப் பெண்களே. எனவே அவருடைய பிழைப்பைப் பறிக்க எந்த வெள்ளை முதலாளியாலும் இயலாது. குழந்தைகளின் பாடப்புத்தகத்தை ஒதுக்கிவிட்டு, என்ன கற்க விரும்புகிறீர்கள் என்று அவர் கேட்டார். தம் பெயரை எழுத, பணவிடைப் படிவம் நிரப்ப, விவிலியம் வாசிக்க, வாக்காளராகப் பதிவுசெய்ய என்று விடை வந்தது. அதுவே பாடத்திட்டம் ஆயிற்று.

ஆதிக்கம் சும்மா இருக்கவில்லை. 1959இல் காவல்துறை ஹைலேண்டரைச் சோதனையிட்டு, மது வைத்திருந்ததாகப் பொய்க்குற்றம் சாட்டி செப்டிமாவைக் கைதுசெய்தது, குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. 1961இல் மார்ட்டின் லூதர் கிங்கின் தென் கிறித்துவத் தலைமை மாநாடு குடியுரிமைப் பள்ளித் திட்டத்தை ஏற்றது. ஜார்ஜியாவின் டார்செஸ்டர் மையத்தில் செப்டிமாவும் டோரதி காட்டனும் ஆண்ட்ரூ யங்கும் ஆயிரக்கணக்கானோருக்குப் பயிற்சி அளித்தனர். பருத்திக் காட்டுக் கூலியாக இருந்த ஃபேனி லூ ஹேமரும் அவர்களுள் ஒருவர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் எழுத்தறிவுச் சோதனையை முடக்கியபோது, அந்த வாக்கைப் பயன்படுத்தும் மக்கள் ஊர்தோறும் ஆயத்தமாக இருந்தனர்.

எனினும் அந்த அமைப்புக்குள்ளும் பெண் என்பதால் அவர் சிறுமைப்படுத்தப்பட்டார். நிர்வாகக் குழுவில் இவருக்கு என்ன வேலை என்று ஆண் தலைவர்கள் வினவினர். எல்லாப் பேரணிகளுக்கும் தாமே தலைமை ஏற்காமல் உள்ளூர்த் தலைவர்களை உருவாக்குமாறு கிங்குக்கு அவர் எழுதிய கடிதம் வாசிக்கப்பட்டபோது அவையினர் சிரித்தனர். பின்னாளில் இதை வெளிப்படையாகப் பேசினார். அதற்காக இயக்கத்தை இழிவுபடுத்தவும் இல்லை.

முதுமையில் சார்ல்ஸ்டனிலேயே வாழ்ந்தார். எந்த ஊரின் பள்ளி நிர்வாகம் அவரை வெளியேற்றியதோ, அவ்வூரின் மாவட்டப் பள்ளிக் குழுவுக்கு 1970களில் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1976இல் மாநில ஆளுநர் பணிநீக்கம் அநீதி என ஏற்று ஓய்வூதியம் வழங்கினார்; நிலுவை ஊதியத்துக்கு 1981இல்தான் ஒப்புதல் கிடைத்தது. 1987 டிசம்பர் 15 அன்று, தம் முதல் வகுப்பறை இருந்த ஜான்ஸ் தீவிலேயே, 89 வயதில் மறைந்தார்.

இந்தியாவிலும் வாக்குரிமை ஒருகாலத்தில் சொத்துக்கும் வரிக்கும் கல்விக்கும் கட்டுப்பட்டிருந்தது. 1928இல் சைமன் குழுவின் முன் அம்பேத்கர் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை கோரினார்; இன்று அரசமைப்பின் 326ஆம் பிரிவு அதை உறுதிசெய்கிறது. எழுத்தறிவுச் சோதனை நமக்கு இல்லை. ஆனால் உரிமை ஏட்டில் இருப்பது வேறு, அதைக் கேட்டுப் பெறும் துணிவு மக்களிடம் இருப்பது வேறு. நாம் அழைக்கும் கூட்டத்துக்கு ஐவர் மட்டும் வரும் நாளில், வராதவர்மீது சினம் கொள்வது எளிது. அவர்களோடு அமர்ந்து, அவர்களுக்கு வேண்டியது என்ன என்று கேட்டுத் தொடங்கும் பின்னறை வகுப்பு நம்மிடம் இருக்கிறதா என்பதே செப்டிமா கிளார்க் நம் முன் வைக்கும் கேள்வி.