விட்வொர்த்தின் 500 கெஜம்

55 டிகிரி த்ரெட் என்றதுமே நமக்கு ஜோசப் விட்வொர்த் (1803–1887) ஞாபகம் வரும். அவர் துப்பாக்கிக் குழலையும் விட்டுவைக்கவில்லை!

என்ஃபீல்டு குழல் செய்ய மெஷின் வேண்டும் என்று 1854-ல் பிரிட்டிஷ் அரசு அவரைக் கேட்டது. எந்தக் குழல் ஏன் குறி தவறாமல் சுடுகிறது என்றே தெரியாமல் மெஷின் எதற்கு என்று நினைத்தார் மனுஷர். மான்செஸ்டரில் 500 கெஜ நீளத்துக்குக் கூரை போட்ட ஷெட் கட்டினார்; காற்று குண்டைத் தள்ளக் கூடாதே! வழிநெடுக மெல்லிய காகிதத் திரைகள். துளைகளைப் பார்த்தாலே குண்டு போன பாதை தெரிந்துவிடும். உள்விட்டம், புரி, குண்டின் நீளம் என்று மாற்றி மாற்றிச் சுட்டார்.

0.577 அங்குலக் குழல் 0.451 ஆயிற்று. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த புரி 20 அங்குலத்துக்கு ஒன்றாயிற்று, உள்வடிவம் அறுகோணம். 1857-ல் ஹைத் சோதனையில், 500 கெஜத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, இவருடையது 0.37 அடிதான்!

ஆனாலும் ராணுவம் ஏற்கவில்லை. சின்னக் குழலில் மருந்துக் கரி சீக்கிரம் படியுமாம். 1871-ல் அதே ராணுவம் எடுத்துக்கொண்ட மார்ட்டினி-ஹென்றியின் குழல் 0.45 அங்குலம்!

லேப்பில் யாராவது ரீடிங்கை 'அட்ஜஸ்ட்' பண்ணலாமா என்று கேட்டால், நான் அந்தக் காகிதத் திரைகளைப் பற்றித்தான் சொல்வேன். ஆபீசர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அளவு பொய்யாகாது, நண்பா!